வண்டி சூடாகவே இல்லை என்று சந்தோஷப்பட்ட கதை

காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம். கல்யாணச் சீருக்கும் மற்ற விசேஷங்களுக்கும் ஆர்டர் வரும். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை, சில நேரம் புதுக்கோட்டை வரைக்கும்கூட நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். வண்டி 2016 மாடல் பெட்ரோல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓட்டுவது, காத்தடிப்பது, பட்டறைக்கு விடுவது எல்லாம் என் தலையில்தான். 2025-ல் ஐந்து மாதம் இது வீணாகக் குடித்த பெட்ரோலையும், சரிபண்ணுகிறேன் என்று நான் கொட்டிய பணத்தையும் கூட்டினால் 26,000 ரூபாயைத் தாண்டுகிறது. கடைசியில் கோளாறு சரியானது 3,750 ரூபாயில். நடுவில் ஒருவராவது ‘முதலில் இதைப் பாரும்மா’ என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மார்ச் கடைசி வாரம், புதுக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்கு பத்து டின் பலகாரம். திருமயம் தாண்டுவதற்குள் வெப்பநிலை முள் சிவப்புக்கோட்டுக்குப் போய்விட்டது. ஓரங்கட்டி நிறுத்தினால் பானட் இடுக்கிலிருந்து ஆவி. கோட்டை தெரிகிற தூரத்தில், புளியமரத்தடியில், உச்சி வெயிலில் நான் மட்டும் நிற்கிறேன். பின்சீட்டில் அதிரசம் இளகிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீட்டு ஆச்சி நாலு தடவை போன் செய்துவிட்டார்கள். அன்றைக்கு வேறு ஒரு வேன் பிடித்துப் பலகாரத்தை அனுப்பிவிட்டு, வண்டியை ஒரு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் எரிந்துவிட்டது என்றார்கள். மாற்றினார்கள். பில்லில் ஃபேன் மோட்டார் ஒரு வரி, ‘கூலிங் வேலை’ என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரிக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வண்டி சூடாகவே இல்லை. ஏப்ரல் வெயிலில் தேவகோட்டை போய் வந்தால்கூட முள் அடியில் இருக்கிற ‘சி’ எழுத்துக்கு ஒரு நூல் மேலேதான் நிற்கும். நடுரோட்டில் நின்று பயந்தவளுக்கு அது எவ்வளவு நிம்மதி தெரியுமா? அத்தையிடம்கூட, “பாருங்கத்தே, வண்டி எப்படி ஜில்லுன்னு ஓடுது” என்று சொல்லிப் பெருமைப்பட்டேன். கோளாறு கண்ணெதிரே நின்றுகொண்டிருக்க, நான் அதைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் கூடுகிறது என்பது வண்டியைப் பார்த்துத் தெரியவில்லை, பலகாரக் கணக்கைப் பார்த்துத்தான் தெரிந்தது. மாதம் சுமார் 900 கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல் 5,700 ரூபாய்க்குள் அடங்கும். ஏப்ரல் கணக்கை எழுதினால் 8,600-ஐத் தாண்டிவிட்டது. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி பத்தரைக்கு வந்திருக்கிறது. ஒரு டின் தேன்குழலை பள்ளத்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் கையில் நிற்பதே கொஞ்சம்தான், அதில் பாதியைப் பெட்ரோல் பிடுங்கிக்கொண்டால் யாருக்காகச் சுடுகிறேன் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் கேட்டேன். சின்ன மாமனார், “பங்க்குல அளவு குறைக்கிறான்” என்றார். வழக்கமாகப் போடும் பங்க்கில் போய்ச் சண்டையே போட்டேன். அங்கிருந்த மேனேஜர் கோபப்படவில்லை. முத்திரை குத்திய 5 லிட்டர் அளவையை எடுத்து வந்து, என் கண் முன்னால் பிடித்துக் காட்டினார். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம் என்பது விதி. கழுத்துக் கோட்டில் சரியாக நின்றது. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார், கறையில்லாமல் பறந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற பைக்காரர்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானம்தான், ஆனாலும் இதைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு, எந்த பங்க்கும் மறுக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டேன். சந்தேகம் இருந்தால் மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்காமல் அளந்து காட்டச் சொல்லிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. என்ன, நான் மாதிரி சத்தம் போட்டுக் கேட்க வேண்டாம்.

பங்க் இல்லையென்றால் இன்ஜின்தான் என்று மேயில் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். பிளக்கைக் கழற்றிக் காட்டினார்கள், நாலும் கரியாகக் கறுத்திருந்தது. “பெட்ரோல் அதிகமா போகுதுக்கா” என்று அந்தத் தம்பி சொன்னது உண்மைதான். ஏன் அதிகமாகப் போகிறது என்று பார்க்காமல் பிளக் மாற்றியது 1,600, இன்ஜெக்டர் கழுவியது 2,200, திராட்டில் பாடி சுத்தம் செய்தது 800. ஒரு மாதம் கழித்து மறுபடி போனால், ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும் என்று 5,800. டேங்கில் ஊற்றுகிற மருந்து பாட்டில் இரண்டு, 900. மொத்தம் 11,300 ரூபாய். மைலேஜ் அதே பத்தரை. ஆக்சிஜன் சென்சார் கெட்டால் மைலேஜ் பலமாக அடிவாங்கும் என்பது பொய்யில்லை. ஆனால் என் பழைய சென்சார் நன்றாகத்தான் இருந்தது. கழற்றிய சாமானை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவது என்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை. இப்போது இருக்கிறது.

ஜூலை ஆகஸ்டில் எங்கே பார்த்தாலும் எத்தனால் பேச்சு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததால்தான் எல்லா வண்டியும் குடிக்கிறது என்று டிவியில், வாட்ஸ்அப்பில், காய்கறிக் கடையில். எனக்கும் ஒரு வகையில் ஆறுதல், ஊருக்கே வந்த கஷ்டம்தானே என்று. அப்புறம் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மொத்தச் சக்தியில் குறைவது ஆறேழு சதவீதம். 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையும் பழைய வகைக் கார்களுக்கு 6-லிருந்து 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்றுதான் சொல்கிறது. இருபது சதவீத எத்தனாலுக்கென்றே சரிசெய்து வந்த வண்டிக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான். சரி, முழுசாகவே ஏழு என்று வைத்துக்கொண்டாலும் 16 என்பது 15-க்குத்தான் இறங்க வேண்டும். மிச்ச நாலரை எங்கே போனது? இந்தக் கேள்விதான் என்னை முழிக்க வைத்தது. காரணம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, நம் நஷ்டத்தின் அளவுக்கு அது கட்டுபடியாகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அன்றைக்குத்தான் ஒரு நோட்டுப் போட்டேன். அதுவரை 500-க்குப் போடு, 1,000-க்குப் போடு என்று போட்டுக்கொண்டிருந்தவள். அப்படிப் போட்டால் மாதக் கணக்கு தெரியுமே தவிர, ஒரு வேலை பார்த்தபின் முன்னேறியதா இல்லையா என்று ஒருநாளும் தெரியாது. டேங்க்கை ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துவிட வேண்டும். கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும், ரவுண்டாக வரட்டும் என்று மேலே மேலே ஊற்றவிடக் கூடாது. ஒரு 300 கிலோமீட்டர் ஓடியதும் அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், மறுபடி கட் ஆகும் வரை. ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். எனக்கு 315 கிலோமீட்டர், 30 லிட்டர், சரியாகப் பத்தரை. டேஷ்போர்டில் வண்டியே காட்டும் எண் பதினொன்றே முக்கால் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளம். கம்பெனி விளம்பரத்தில் சொல்லும் எண்ணோடும் ஒப்பிட வேண்டாம். அது ஏசி போடாமல், சோதனைச்சாலையில் உருளை மேல் ஓட்டி, சராசரியாக மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தது. எங்கள் ஊர் கல்லுக்கட்டியில் சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு எடுத்ததில்லை.

ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதற்கப்புறம் ஒரு டேங்க் ஓட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். முதலில் காசில்லாத வேலை, காத்து. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 33 என்று போட்டிருக்கிறது. என் டயர்களில் 24-தான் இருந்தது. கடையில் அடிக்கும் பையனும் கேட்காமல் 30 அடித்துவிடுவான், ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை போனால் இப்படித்தான். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், காலையில் போய் 33 அடித்தேன். மைலேஜ் 10.7. மனசு விட்டுப்போயிற்று. காத்து குறைந்தால் மைலேஜ் பாதியாகிவிடும் என்று எல்லாரும் பேசுவார்களே! உண்மையில் ஒவ்வொரு புள்ளி குறைவுக்கும் சுமார் 0.2 சதவீதம்தான் என்று அப்புறம் படித்தேன். ஒன்பது புள்ளிக்கு இரண்டு சதவீதம், கணக்கு ஒத்துப்போகிறது. டயர் தேயாமலிருக்கவும் வெடிக்காமலிருக்கவும் காத்து முக்கியம், அதற்காகவே அடியுங்கள். மைலேஜ் கொட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது தேவகோட்டையில் கிடைத்தது. ஒரு வீட்டில் பலகாரத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுக்குப் பக்கத்தில் லாரி வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், “என்னம்மா, கருகுற வாடை வருது” என்றார். எனக்கு எண்ணெய்ப் பலகார வாடைதான் வந்தது. அவர் என் தண்ணி பாட்டிலை வாங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் நாலு சொட்டுத் தெளித்தார். மூன்று சக்கரத்தில் தண்ணி சும்மா வழிந்தது. முன்னால் இடது பக்கத்தில் மட்டும் தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்று போனது. “பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுதும்மா” என்றார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி இரண்டும் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்து இறுகியிருந்தது. மிதித்த பிரேக் விட்டபின்னும் பேட் முழுசாக விலகாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதாவது ஒரு காலால் பிரேக்கையும் இன்னொரு காலால் ஆக்சிலேட்டரையும் மிதித்தபடி நாள் முழுக்க ஓட்டியிருக்கிறேன். சுத்தம் செய்து, அதற்கென்று இருக்கிற கிரீஸ் தடவி மாட்ட 700 ரூபாய். வரும் வழியிலேயே வித்தியாசம் தெரிந்தது. கிளட்சை மிதித்து விட்டால் வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. மைலேஜ் 12.4. உங்கள் வண்டியிலும் ஒரு பதினைந்து கிலோமீட்டர், பிரேக்கை ரொம்ப மிதிக்காமல் ஓட்டிவிட்டு இப்படித் தெளித்துப் பாருங்கள். கையை நேராக வைத்துவிடாதீர்கள், சுட்டுவிடும். இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்று தனியாகக் கொதித்தால் அங்கே வேலை இருக்கிறது.

அந்தப் பெரியவரிடம்தான், “வண்டி மத்தபடி சூடே ஆகுறதில்லைங்கய்யா” என்று சொன்னேன், நற்சான்று கொடுக்கிற மாதிரி. அவர் நிமிர்ந்து பார்த்து, “சூடே ஆகலேன்னா அதும் கோளாறுதானேம்மா” என்றார். ஒருநாள் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுநாள் காலையில் வரச் சொன்னார். இரவெல்லாம் நின்று ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார். தெர்மோஸ்டாட் வால்வு ஒழுங்காக இருந்தால் ஹோஸ் ரொம்ப நேரம் குளிர்ந்தே இருந்து, இன்ஜின் சூடானபின் திடீரென்று சுட வேண்டுமாம். என் வண்டியில் முதல் இரண்டு நிமிடத்திலேயே வெதுவெதுப்பு ஏறி, அப்படியே மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. வால்வு உட்கார்ந்திருக்க வேண்டிய ஹவுசிங்கைத் திறந்தார். உள்ளே வால்வே இல்லை. காலி.

அந்த வால்வு என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். 82 டிகிரி வாக்கில் திறக்கும், அதுவரை தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினைச் சுற்றியே ஓடவிட்டுச் சீக்கிரம் சூடாக்கும். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து குளிர்ச்சிதான். இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகவே பீய்ச்சும். பிளக் கறுத்தது அதனால்தான். நானே 700 ரூபாய்க்கு, வண்டிக் கம்ப்யூட்டரின் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி அடாப்டர் ஒன்று வாங்கி போனில் இணைத்துப் பார்த்தேன். இருபது கிலோமீட்டர் ஓடியபின்னும் 61 டிகிரி. வொர்க்‌ஷாப் ஸ்கேனரிலும் இதே எண் இருந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. புது வால்வு ஹவுசிங்கோடு 1,350, கூலண்ட் 900, கூலி 800. ஃபேன் போட்டபோது போர் தண்ணியை ஊற்றி விட்டிருந்தார்கள், உப்பு படிந்து மஞ்சளாக வந்தது. அதையும் வடித்துவிட்டுக் கூலண்ட் ஊற்றினார். (இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும்.) இப்போது முள் நடுவில் நிற்கிறது. மைலேஜ் 14.1.

பதினாறுக்குத் திரும்பவில்லையே என்றால், அந்தப் பதினாறு திருச்சி, புதுக்கோட்டை என்று நீளமாக ஓடிய காலத்து எண். இந்த வருஷம் என் ஓட்டமே மாறிவிட்டது, அதை நான் கவனிக்கவில்லை. வீடு இருக்கிற செக்காலையிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து மாவு மில்லுக்கு ஒன்றரை, திரும்ப வீடு. இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறேன். வால்வு நன்றாக இருந்தாலும் இந்தச் சின்னச் சின்ன ஓட்டத்தில் பெட்ரோல் கூடத்தான் போகும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசியை முழுசாக வைப்பதும் அதே மாதிரி. கடும் வெயிலில், குறைந்த தூரத்தில், ஏசி மட்டுமே கால்வாசி மைலேஜைத் தின்றுவிட முடியும். இப்போது கதவை எல்லாம் திறந்து ஒரு நிமிடம் சூட்டை வெளியே விட்டபின்தான் போடுகிறேன். நாலு வேலையை ஒரே சுற்றில் முடிக்கிறேன். போன வாரம் கானாடுகாத்தான் வழியாகப் புதுக்கோட்டை போய் வந்த டேங்கில் 16.8 வந்தது, வேகம் எண்பதைத் தாண்டவில்லை. எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் எதிர்க்காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும், அதிரசம் சீக்கிரம் போய்ச் சேர்ந்து என்ன ஆகப்போகிறது?

ஏர் ஃபில்டர் பற்றியும் ஒரு வார்த்தை. செம்மண் புழுதி ஊர் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள், மைலேஜ் ஏறும் என்று. இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் இழுவைதான் குறையும், மைலேஜ் பெரிதாக மாறாது. இன்ஜினுக்குள் போகும் காத்து குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும். தேவைப்படும்போது மாற்றுங்கள், பயந்து மாற்ற வேண்டாம். அதே மாதிரி, வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று யாராவது ஊற்ற வந்தால், வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே கேளுங்கள்.

ஃபேன் மாற்றிய பட்டறைக்கு ஒருநாள் போனேன். சண்டை போடத்தான் போனேன். அந்தத் தம்பிக்கு முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. “நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்குக்கா? அது ஜாம் ஆனா மறுபடி நடுரோட்டுல நிப்பீங்க. நல்லதுக்குத்தான் கழட்டினேன்” என்றான். நான் புளியமரத்தடியில் நின்று அழுததைப் பார்த்தவன் அவன். அந்த நேரத்தில் அவன் மனசில் உண்மையிலேயே நல்ல எண்ணம்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது, அதனால் கோபமும் முழுசாக வரவில்லை. “கழட்டினதைச் சொல்லியிருக்கலாமே தம்பி” என்று மட்டும் சொன்னேன். என் வால்வையாவது கொடு என்றேன். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை இழுத்தான். உள்ளே முக்கால் டப்பாவுக்கு வால்வுகள், பித்தளை நிறத்தில், சின்னதும் பெரிதுமாக.

“இதுல உங்களது எதுன்னு தெரியலையேக்கா” என்றான்.